அப்பாவின் மணிக்கட்டும் ஒரு 200 வருஷக் கதையும்

மு.கு: நான் டாக்டர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டும் ஆசாமி. ராத்திரி பத்து மணிக்கு மேல் சரித்திரம் படிப்பது மட்டும் எனக்கு வந்திருக்கும் வியாதி. இதைப் படித்துவிட்டு யாரும் சுயமாக வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

எங்கப்பா திருநெல்வேலி டவுனில் 40 வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயிலிங் எல்லாம் உண்டு. கோட்டம் எடுப்பதில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துக்கொள்வார். எந்தக் கம்பியை முறுக்கணும், எதைத் தளர்த்தணும்னு விரல் சொல்லிவிடும். "கண்ணு பொய் சொல்லும்லே, கை சொல்லாது" என்பார். அப்போதெல்லாம் அது பெரிசா படவில்லை.

2014-ல் அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. சட்டை போட முடியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு 'ப்ரோஸன் ஷோல்டர்' என்றார்கள். வலி மாத்திரை, மெழுகு ஒத்தடம், தோளில் ஊசி, வர்மத் தைலம், கயிறும் கப்பியும் மாட்டி இழுக்கிறது என்று 14 மாசம் ஓடியது. தோள் கொஞ்சம் விட்டது. ஆனால் பட்டன் போட முடியவில்லை, கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப் போச்சு. "வயசாகுதுல்லா" என்று எல்லாரும் சொன்னோம், நான் உள்பட.

பிறகு வேறு ஊரில் ஒரு நரம்பியல் டாக்டர். அவர் தோளைத் தொடவே இல்லை. அப்பாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். அப்புறம், "இடது கையை மட்டும் மூடி மூடித் திறங்க ஐயா" என்றார். அப்பா செய்தார். அரை நிமிஷம்தான் இருக்கும். டாக்டர் என் பக்கம் திரும்பி, "பிடிச்சுப் பாருங்க" என்று அப்பாவின் கையை என்னிடம் கொடுத்தார்.

பிடித்தேன். கை வழுக்கிக்கொண்டு வரவில்லை. டக்... டக்... டக் என்று விட்டு விட்டு வந்தது. உள்ளே ஏதோ பல் பல்லாக இருக்கிற மாதிரி.

அப்பா கேட்டார்: "என்ன சார், ப்ரீவீல் பல்லு மாதிரியா?"

டாக்டர் சிரித்தார். "அதேதான் ஐயா. நாங்க பல்சக்கரம்னு சொல்லுவோம்."

பார்க்கின்சன்ஸ். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன்ஸ். தோள் பிடிப்பே அந்த வியாதியின் முதல் அறிகுறியாக வருவது உண்டாம். 14 மாசமாக எத்தனையோ பேர் அந்தத் தோளைப் பார்த்தார்கள். மணிக்கட்டை ஒருத்தர் கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. அரை நிமிஷ வேலை!

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம்ம வழக்கமான வியாதி: இந்த அரை நிமிஷ சோதனையை யார் கண்டுபிடித்தார்கள்? தோண்ட ஆரம்பித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

*

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நம் தசைகள் முழுசாகத் தொளதொளத்துப் போய்விடுவதில்லை. கொஞ்சம் விறைப்பு இருந்துகொண்டே இருக்கும். இன்னொருவர் நம் கையைப் பிடித்து மடக்கினால் அந்த விறைப்பு அவர் கைக்கு லேசாகத் தெரியும். இதைத்தான் டாக்டர்கள் 'டோன்' என்கிறார்கள். 'டோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இழுத்துக் கட்டியது, முறுக்கேற்றியது என்று பொருள். நான் தசை முறுக்கு என்றே எழுதுகிறேன்.

சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் நிற்கும்போதும் ஒவ்வொரு கம்பியும் இழுவையில்தான் இருக்கிறது. அந்த இழுவை கூடினாலும் கோளாறு, குறைந்தாலும் கோளாறு. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் கம்பி முறுக்காக இருக்கா, தளர்ந்திருக்கா என்று தெரியாது. விரலால் சுண்டணும்.

இந்தக் கதையோட முடிச்சே இதுதான். நடுக்கம் கண்ணுக்குத் தெரியும். நொண்டல் தெரியும். வாய் கோணினால் தெரியும். முறுக்கு மட்டும் தெரியாது, பிடித்துப் பார்த்தால்தான் உண்டு. அதனால்தான் பெரிய பெரிய ஆட்களே இதைக் கோட்டை விட்டிருக்கிறார்கள். முதல் ஆள் யார் தெரியுமா? சாட்சாத் பார்க்கின்சனேதான்!

*

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதி டாக்டர். சுவாரசியமான மனுஷன். ஒரு பக்கம் வைத்தியம், ஒரு பக்கம் புதைபடிவங்கள் சேகரிப்பு, இன்னொரு பக்கம் அரசாங்கத்தைத் திட்டிப் புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள். அரசனைக் கொல்லச் சதி என்று 1794-ல் கிளம்பிய ஒரு வழக்கில் இவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

1817-ல் 'நடுக்கு வாதம்' பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். மொத்தமே ஆறு நோயாளிகள். அதில் இரண்டு பேர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அப்படியிருந்தும் நடுக்கம், முன்னால் சாய்ந்த உடம்பு, ஓடுவது போன்ற குட்டி நடை என்று மனுஷன் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். இன்றைக்குப் படித்தாலும் நம்ம தெரு தாத்தா கண்முன் வந்து நிற்பார்.

ஆனால் கை கால் இறுக்கத்தை ஒரு தனி அறிகுறியாக அவர் சொல்லவில்லை. தெருவில் போகிறவர் கையைப் பிடித்து ஆட்டிப் பார்க்க முடியுமா என்ன? அந்தக் காலத்தில் இப்படிச் சோதிக்கும் பழக்கமும் ஏற்பட்டிருக்கவில்லை. கண்ணால் பார்க்க முடிந்ததை எல்லாம் பார்த்துவிட்டார். கையால் பார்க்க வேண்டியது விட்டுப்போச்சு.

அதைப் பிடித்தவர் பாரீசின் ழான் மார்த்தான் ஷார்கோ. சால்பெத்ரியேர் என்று ஒரு பிரமாண்டமான ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் வெடிமருந்துச் சாலையாக இருந்து, அப்புறம் போக்கிடம் இல்லாத பெண்களை அடைக்கும் இடமாக மாறியது. 1862-ல் ஷார்கோ அங்கே பொறுப்புக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள், பலர் வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தவர்கள். மற்றவர்களுக்கு அது குப்பைத்தொட்டி. ஷார்கோவுக்கு அது பள்ளிக்கூடம். ஒரே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், பக்கத்துக் கட்டில்காரியோடு ஒப்பிடலாம்.

அப்படிப் பார்த்ததில் அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இவர்களுக்குப் பலம் பெரிதாகக் குறையவில்லை, தசை இறுகியிருக்கிறது. 'வாதம்' என்பதே தப்பு. இரண்டு, சிலருக்கு நடுக்கமே கிடையாது. ஆக, 'நடுக்கு வாதம்' என்ற பேரில் நடுக்கும் சரியில்லை, வாதமும் சரியில்லை. இதற்குப் 'பார்க்கின்சன் நோய்' என்று பேர் வைப்போம் என்றார். தன் பேரை வைத்துக்கொள்ளாமல், எப்போதோ செத்துப்போன ஒரு லண்டன் டாக்டர் பேரை வைத்தார் பாருங்க, அங்கேதான் நிற்கிறார் ஷார்கோ.

இன்னொரு தமாஷ். குதிரை வண்டியிலும் ரயிலிலும் குலுங்கிப் போய்வந்தால் இறுக்கம் குறைகிறது என்று சில நோயாளிகள் சொன்னதைக் கேட்டு, குலுங்குகிற நாற்காலி ஒன்றே செய்துவிட்டார். இதை அப்பாவிடம் சொன்னேன். "நம்ம டவுன் பஸ்ஸு போதும்லே" என்றார் :-)

*

சரி, பல்சக்கரம் எங்கே வந்தது? இத்தாலியில், டூரின் நகரில். கமில்லோ நேக்ரோ என்ற நரம்பியல் பேராசிரியர் 1901-ல் இதை எழுதினார். பார்க்கின்சன்காரர்களின் கையை மடக்கினால் ஒரே சீராக வராமல் பல் பல்லாக வருகிறது என்று. இறுக்கத்தோடு நடுக்கமும் உள்ளுக்குள் கலந்துகிடப்பதால் இப்படி என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். அப்பாவுக்கு வெளியே தெரியாத நடுக்கம் உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நடுக்கம் கலக்காத இடத்தில் இறுக்கம் சீராக இருக்கும். ஈயக்குழாயை வளைப்பது மாதிரி.

இதே நேக்ரோ 1908-ல் ஒரு காரியம் செய்தார். சினிமா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ராபர்ட்டோ ஒமேக்னா என்ற ஒளிப்பதிவாளரைக் கூட்டிக்கொண்டு நரம்பு நோயாளிகளைப் படம் பிடித்துத் திரையிட்டார். உலகின் ஆரம்பகால மருத்துவப் படங்களில் அதுவும் ஒன்று. எனக்கு வேடிக்கையாகப் பட்டது என்னவென்றால், நடை, நடுக்கம் எல்லாவற்றையும் அவருடைய கேமரா பிடித்துவிடும். ஆனால் அவர் கண்டுபிடித்த பல்சக்கரத்தை மட்டும் பிடிக்காது. திரையில் தெரிவதெல்லாம் ஒருவர் இன்னொருவர் கையை மடக்குவதுதான். மடக்குகிறவர் கைக்கு என்ன தெரிந்தது என்பது படத்தில் வராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

அப்பாவை இடது கையை மூடித் திறக்கச் சொன்னாரே, அது லியோன் நகரத்து ழூல் ஃப்ரோமான் 1920-களில் ஆராய்ந்த விஷயம். லேசான இறுக்கம் ஒளிந்துகொண்டிருக்கும். எதிர்க் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் இந்தக் கையில் அது வெளியே வந்துவிடும். மனசு அங்கே போகிறது, குட்டு இங்கே உடைகிறது :-)

*

எல்லா இறுக்கமும் ஒரே ஜாதி இல்லை. எங்க பெரியத்தைக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்தது. முதல் இரண்டு வாரம் கை துணி மாதிரித் தொங்கியது. அப்புறம் மெல்ல மெல்ல மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. "பலம் வந்துட்டு, கை மடங்குது பாரு" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அது பலம் இல்லை, முறுக்கு.

அப்பா கையையும் அத்தை கையையும் மடக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அப்பாவுக்கு மெதுவாக அசைத்தாலும் வேகமாக அசைத்தாலும் இறுக்கம் ஏறத்தாழ ஒரே மாதிரி. அத்தைக்கு மெதுவாக நீட்டினால் கை வரும். வெடுக்கென்று நீட்டினால் நடுவழியில் ஒரு பிடி பிடிக்கும், அப்புறம் சட்டென்று விட்டுக்கொடுக்கும். மடக்குக் கத்தி திறக்கிற மாதிரி. முதலாவதை ரிஜிடிட்டி என்கிறார்கள், இரண்டாவதை ஸ்பாஸ்டிசிட்டி என்கிறார்கள். கோளாறு மூளையில் வேறு வேறு வழிகளில், மருந்தும் வேறு வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டும் சாமான் எது? வேகம். அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது வகையைக் குழந்தைகளிடம் கண்டு எழுதியவர் லண்டனின் வில்லியம் ஜான் லிட்டில். சின்ன வயசில் போலியோ வந்து பாதம் வளைந்துபோனவர். 1836-ல் ஜெர்மனிக்குப் போய் ஸ்ட்ரோமெயர் என்ற நிபுணரிடம் தசைநாணை வெட்டவைத்துக் காலைச் சரிசெய்துகொண்டார். ஊருக்குத் திரும்பி அதே வைத்தியத்தைச் செய்ய ஆரம்பித்தார். கால் இறுகிப் பின்னிக்கொண்ட குழந்தைகள் நிறையப் பேர் அவரிடம் வந்தார்கள். பிறக்கும்போது ஏற்படும் சிக்கலுக்கும் இந்த இறுக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று 1861-ல் எழுதினார். இன்றைக்கு செரிப்ரல் பால்சி என்கிறோமே, அதில் ஒரு வகைக்கு வெகுநாள் 'லிட்டில் நோய்' என்றே பேர். வலியை அனுபவித்தவன் கைக்கு அது தெரியும் போல.

ஏன் இறுகுகிறது என்பதைக் காட்டியவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். 1898-ல் லிவர்பூலில் பூனைகளை வைத்துச் செய்த பரிசோதனை. மூளைத்தண்டின் மேல்பகுதியில் வெட்டினால் பூனையின் நாலு காலும் தூண் மாதிரி விறைத்து நிற்கும். அதற்குப் பிறகு, ஒரு காலிலிருந்து முதுகுத்தண்டுக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்வு நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார். தசையை இயக்கும் நரம்பைத் தொடவில்லை. அந்தக் கால் மட்டும் தொங்கிவிட்டது!

அதாவது முறுக்கு என்பது தசைக்குள்ளே ஊறும் சரக்கு இல்லை. தசை இழுபட்டதும் முதுகுத்தண்டுக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து 'இறுக்கு' என்று உத்தரவு திரும்பி வருகிறது. மேலே இருக்கும் மூளை அந்த உத்தரவை அளவோடு வைத்திருக்கிறது. மேலதிகாரி லீவில் போனால் கிளார்க்குகள் கண்டபடி ஆர்டர் போடுவார்களே, அந்தக் கதை. 1924-ல் லிடெல் என்பவரோடு சேர்ந்து, தசையை இழுப்பதே அதை இறுக வைக்கிறது என்று அளந்தும் காட்டினார். 1932-ல் எட்கர் ஏட்ரியனோடு நோபல் பரிசு கிடைத்தது.

இது வெறும் பூனைக் கதையாக நிற்கவில்லை. ஜெர்மனியின் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் 1908-லேயே, இறுகிய கால்களுக்கு இதே உணர்வு வேர்களை வெட்டும் ஆபரேஷன் பற்றி எழுதிவிட்டார். அதன் திருத்தப்பட்ட வடிவம் இன்றும் செரிப்ரல் பால்சி குழந்தைகளில் சிலருக்குச் செய்யப்படுகிறது.

முறுக்கு குறைவதும் வியாதிதான். முதல் உலகப்போரில் தலையின் பின்பக்கம் குண்டடிபட்ட சிப்பாய்களைச் சோதித்த கார்டன் ஹோம்ஸ், சிறுமூளை அடிபட்ட பக்கத்தில் கை கால் தொளதொளவென்று ஆகிவிடுவதை 1917-ல் விவரமாக எழுதினார். அதையும் அவர் பிடித்து ஆட்டித்தான் கண்டுபிடித்தார்.

*

இதுவரைக்கும் எல்லாம் 'கொஞ்சம் இறுக்கம்', 'ரொம்ப இறுக்கம்' கணக்குதான். மருந்து என்று ஒன்று வந்துவிட்டால் அது போதாது. கொடுப்பதற்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? நம்பர் வேணும்.

கையை நம்பாமல் அளக்க ஒருவர் முயற்சி செய்தார். ராபர்ட் வார்ட்டன்பர்க், ஹிட்லர் ஜெர்மனியிலிருந்து தப்பி சான் பிரான்சிஸ்கோ போன டாக்டர். 1951-ல் அவர் சொன்ன யோசனை ரொம்ப எளிது. நோயாளியை மேஜை விளிம்பில் உட்காரவை. காலைத் தூக்கி விட்டுவிடு. எத்தனை தடவை ஊசலாடி நிற்கிறது என்று எண்ணு. இறுகிய கால் சீக்கிரம் நின்றுவிடும். ஆய்வுக்கூடங்களில் இந்த ஊசல் சோதனை இன்றும் இருக்கிறது.

ஆனால் உலகத்தைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. 1964-ல் பிரையன் ஆஷ்வொர்த் என்ற பிரிட்டிஷ் டாக்டர், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளிகள் 24 பேருக்கு கேரிசோப்ரொடால் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். இறுக்கம் குறைகிறதா என்று குறித்துக்கொள்ள அவரே ஒரு மார்க் சிஸ்டம் வைத்துக்கொண்டார். 0 என்றால் கூடுதல் இறுக்கம் இல்லை. 1, அசைக்கும்போது லேசாக ஒரு பிடிப்பு. 2, நன்றாகவே இறுக்கம், ஆனால் சுலபமாக மடக்கலாம். 3, மடக்குவதே கஷ்டம். 4, அசையவே அசையாது. கட்டுரை மூன்றே பக்கம்.

அந்த மாத்திரைக்கு என்ன ஆச்சு? 2007-ல் ஐரோப்பிய மருந்து ஆணையம் அதை விற்பனையிலிருந்து நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டது. மார்க் சிஸ்டம் மட்டும் உலகம் பூரா போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை ஓடிப்போய், கூட வந்த தோழன் வீட்டோடு தங்கிவிட்ட கதை!

1987-ல் அமெரிக்காவின் போஹானனும் ஸ்மித்தும் ஒரு திருத்தம் செய்தார்கள். நிறையப் பேர் 1-லேயே வந்து குவிகிறார்கள் என்று 1-க்கும் 2-க்கும் நடுவில் '1+' ஒன்றைச் சேர்த்தார்கள். 30 நோயாளிகளின் முழங்கையை இருவரும் தனித்தனியாகச் சோதித்து மார்க் போட்டதில் 86.7 சதவீதம் ஒத்துப்போனது. பெரியத்தையின் பிசியோதெரபி அட்டையில் '1+' என்று எழுதியிருந்தது இதுதான். நான் அதை ரத்த குரூப் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஹி ஹி.

சிக்கல் எங்கே என்றால், எவ்வளவு வேகத்தில் மடக்கணும் என்பது இதில் கறாராக இல்லை. ஆனால் முன்னாடியே பார்த்தோமே, ஸ்பாஸ்டிசிட்டியின் உயிரே வேகத்தில்தான் இருக்கிறது. 1980-ல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் லான்ஸ் சொன்ன புகழ்பெற்ற இலக்கணமும் அதைத்தான் சொல்கிறது: இழுக்கும் வேகம் கூடக்கூட இறுக்கமும் கூடுவது. பிரான்சில் கீ டார்டியூ என்பவர் 1954-லேயே இந்த வழியில் போய்விட்டார். முதலில் மிக மெதுவாக, அப்புறம் முடிந்தமட்டும் வேகமாக. மெதுவாகப் போனால் கை எந்தக் கோணம் வரை வருகிறது, வேகமாகப் போனால் எந்தக் கோணத்தில் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

எதுக்கு இந்தக் கோணக் கணக்கு? காசுக்கும் காலத்துக்கும்தான். மெதுவாகப் போனால் முழுசாக வருகிறது, வேகமாகப் போனால் பிடிக்கிறது என்றால் அது நரம்பு செய்யும் வேலை. போட்டுலினம் ஊசியோ மாத்திரையோ கேட்க வாய்ப்பு உண்டு. மெதுவாகப் போனாலும் அதே இடத்தில் முட்டி நிற்கிறதென்றால் தசையும் நாணுமே சுருங்கிப்போச்சு என்று அர்த்தம். அங்கே விலை ஜாஸ்தியான ஊசியைப் போட்டால் பணம் தண்ணீர்தான். நீட்டிக் கட்டுவது, மாவுக்கட்டு, சில பேருக்கு ஆபரேஷன் என்று வேறு வழி போகணும். ஆஷ்வொர்த் மார்க்கில் இரண்டு பேருமே 3 வாங்கலாம். அந்த மார்க் அளப்பது அசைக்கும்போது தெரியும் எதிர்ப்பைத்தான், ஸ்பாஸ்டிசிட்டியை மட்டும் அல்ல என்று 1999-ல் பாண்டியன் முதலானோர் பிரிட்டனில் ஓர் ஆய்வுரை எழுதினார்கள். டார்டியூ முறை இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது, ஆஷ்வொர்த் முறை குழப்பிக்கொள்கிறது என்று 2006-ல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஓர் ஆய்வு வந்தது. இருந்தாலும் ஆஷ்வொர்த்தை அசைக்க முடியவில்லை. காரணம் எளிது: அரை நிமிஷத்தில் முடியும், கருவி வேண்டாம்.

*

அப்பா கதைக்கு வருவோம். அவருக்குக் கொடுத்தது லெவோடோபா. 1937-ல் சென்னையிலிருந்து தாமோதரனும் ராமசுவாமியும் நம்ம பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபாவைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். அப்போது அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று யாருக்கும் தெரியாது. 1960-களில் வியன்னாவிலும், 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் கையிலும்தான் அது மருந்தாக எழுந்தது. (அதுக்காகப் பூனைக்காலியை அரைத்துக் குடிக்காதீங்க. அளவு தெரியாமல் போனால் வம்பு.)

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் போனோம். டாக்டர் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். பார்க்கின்சனுக்கு என்று 2008-ல் திருத்தி வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று உண்டு. கழுத்து, இரண்டு கை, இரண்டு கால் என்று ஐந்து இடத்தில் 0-லிருந்து 4 வரை. எதிர்க் கைக்கு வேலை கொடுத்தால் மட்டும் இறுக்கம் தெரிகிறது என்றால் 1. அப்பா 2-லிருந்து 1-க்கு வந்திருந்தார். பரீட்சையில் மார்க் குறைந்ததற்கு எங்க வீட்டில் பாயசம் வைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் ஆபரேஷன் வரைக்கும் இந்த வைத்தியம் வளர்ந்துவிட்டது. 1987-ல் பிரான்சில் பெனாபிட் தொடங்கிவைத்த வழி. அங்கேயும் பல இடங்களில் நோயாளியை விழிப்பில் வைத்து, கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டர் என்ன செய்வார் தெரியுமா? மணிக்கட்டைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். இறுக்கம் விடுகிறதா என்று! ஸ்கேன், கம்ப்யூட்டர் எல்லாம் சுற்றி நிற்கும் அறையில் கடைசிச் சாட்சி ஒருவரின் கைதான்.

2020-ல் லாக்டவுன். ஊருக்கு ஊர் போக முடியாது. டாக்டர் வீடியோவில் பார்த்தார். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், எல்லாம் ஆச்சு. கடைசியில் நிறுத்தினார். "இறுக்கத்தை மட்டும் இதுல பார்க்க முடியாது."

எனக்கு நேக்ரோவின் சினிமா ஞாபகம் வந்தது. 112 வருஷம் கழித்தும் கேமரா அதே இடத்தில்தான் நிற்கிறது.

நான் அப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், போன தடவையை விடப் பல்லு கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது" என்றேன்.

அவர் யோசித்தார். "உங்க கைக்கு ட்ரெயினிங் இல்ல. அதை வெச்சு நான் மாத்திரையை மாத்தக் கூடாது. பஸ் விட்டதும் நேர்ல வந்துடுங்க."

அப்போ லேசாக வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. கடையில் புதுப் பையன் கோட்டம் எடுத்தால், அப்பா அந்தச் சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றிவிட்டுக் கட்டைவிரலை வைக்காமல் வெளியே அனுப்பியதே இல்லை.

அப்பாவுக்கு இப்போது வயசு 79. மாத்திரை கூடியிருக்கிறது, நடை குறைந்திருக்கிறது. அந்த 14 மாசத்தில் தெரிந்திருந்தால் வியாதி நின்றிருக்காது, அதைத் தடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் 14 மாசம் அவரே சட்டை பட்டன் போட்டிருப்பார், கடை பில்லை அவரே எழுதியிருப்பார். "வயசாகுதுல்லா" என்று நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அதனால் சொல்கிறேன். வீட்டில் பெரியவங்களுக்கு ஒரு பக்கக் கை மட்டும் காரணமில்லாமல் பிடித்துக்கொண்டால், எழுத்து சிறுத்தால், பட்டன் போட நேரமானால், 'வயசு' என்று விட்டுவிடாதீங்க. டாக்டரிடம் போனால் எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டு எழுந்துவிடவும் வேண்டாம். மரியாதையாகவே ஒரு வார்த்தை கேளுங்க: "ஐயா, கையைக் கொஞ்சம் பிடிச்சு அசைச்சுப் பாருங்களேன்."

அரை நிமிஷம்தான் ஆகும்.